சாதன மரத்தில் மின்னழுத்தச் சீராக்கிகள்: படகுக் கருவியை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

இராமேசுவரம், மண்டபம் மீனவர்கள் தொழில்புரியும் பாக் நீரிணைப் பகுதியில் இந்திய–இலங்கைக் கடல் எல்லை 1974ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் வரையறுக்கப்பட்டது. எல்லை அண்மையில் இருப்பதால், படகின் இருப்பிடத்தை இடையறாது அறிதல் இன்றியமையாததாகிறது. 2019இல் அறிமுகமான ஜெமினி கருவி, ககன் செயற்கைக்கோள் வழியே மீனவர்க்கு எச்சரிக்கைகளை அளிக்கிறது. லினக்ஸில் இயங்கும் படகுக் கருவி ஒன்றை எடுத்துக்காட்டாகக் கற்பித்துக்கொண்டு, அதன் மின்னழுத்தச் சீராக்கிகளைச் சாதன மரத்தில் குறிக்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

எல்லைகளை வரையறுத்தல்

சாதன மரம் என்பது வன்பொருளின் அமைப்பைக் கர்னலுக்கு அறிவிக்கும் விவரிப்பாகும். 12 வோல்ட் மின்கலத்திலிருந்து 3.3 வோல்ட்டைப் பெற்றுத் தரும் சீராக்கி அதில் ஒரு கணுவாக அமையும். அதன் சிறும, பெரும அளவுகள் மைக்ரோவோல்ட்டில் எழுதப்படும், 3.3 வோல்ட் என்பது 3300000 ஆகும். சீராக்கியால் தரவியலும் வீச்சை எழுதுவது பிழை. அதனால் இயங்கும் சில்லு தாங்கும் வீச்சையே எழுதுதல் வேண்டும். கர்னல் இவ்வரம்புக்குள்ளேயே அழுத்தத்தை மாற்றும். வரம்பு தவறானால் சில்லு பழுதுறக்கூடும்.

தொடக்க நிலையும் தொடர்நிலையும்

‘பூட்-ஆன்’ என்னும் பண்பு, சீராக்கி தொடக்கத்தில் இயங்குநிலையில் உள்ளது என்பதை மட்டுமே உணர்த்தும். அதனைப் பயன்படுத்தும் சாதனம் எதுவும் பதிவாகவில்லையெனில், கர்னல் தொடங்கிய சுமார் 30 வினாடிகளில் அது அணைக்கப்படும். இருப்பிடம் காட்டும் ஏற்பியைக் குறிப்பிடாமல், தொடர்வாயில் வழியே பயன்பாட்டு நிரல் மட்டும் அதனைப் படிக்கும் அமைப்பில் இதுவே நிகழும். கருவி சிறிது நேரம் சரியாக இயங்கிப் பின் இருப்பிடத்தை இழக்கும். குறுகிய சோதனையில் இக்குறை புலப்படாது.

‘ஆல்வேஸ்-ஆன்’ என்னும் பண்பைச் சேர்த்தால் இக்குறை நீங்கும். ஆயினும் ஏற்பி தேவைப்படாதபோதும் மின்கலம் செலவாகும். செயலிழந்த ஏற்பியை மின்னிணைப்பைத் துண்டித்து மீட்கவும் இயலாது. ஏற்பியைத் தொடர்வாயிலின் கிளைக்கணுவாக எழுதி, ‘விசிசி-சப்ளை’ என்னும் பண்பால் சீராக்கியுடன் இணைப்பதே முறையாகும். 2018இல் வெளியான லினக்ஸ் 4.19 முதல் இதற்கெனத் தனித் துணையமைப்பு உள்ளது. அதன்வழி, நிரல் ஏற்பியைத் திறக்கும்போது மின்சாரம் வழங்கப்படும், மூடியபின் நிறுத்தப்படும்.

முடிவுரை

சாதன மரத்தில் சொல்லப்படாத சார்பு, கர்னலைப் பொறுத்தவரை இல்லாத சார்பேயாகும். ஆகவே, ஒவ்வொரு சீராக்கிக்கும் அதனைச் சார்ந்த சாதனத்தைத் தெளிவாகக் குறித்தல் வேண்டும். நினைவகம் போன்று கணமும் அணைக்கக்கூடாதவற்றுக்கு மட்டுமே ‘ஆல்வேஸ்-ஆன்’ பொருந்தும்.