ஆண்டுக்கொரு நாள் கோட்டை!

ஆக்ரா போய் வந்தேன் என்கிறார் ஒருவர். மைசூர் அரண்மனையின் விளக்கொளியில் மயங்கி நின்றேன் என்கிறார் மற்றொருவர். போகட்டும், போய் வரத்தான் வேண்டும். ஆனால் மல்லசமுத்திரத்துக்காரர் ஒருவரை நிறுத்தி, "சங்ககிரிக் கோட்டைமேல் ஏறியிருக்கிறீரா?" என்று கேட்டுப் பாருங்கள்! திருச்செங்கோட்டில் ஒரு பஸ் மாறினால் கோட்டை அடிவாரம். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு ஆப்பிரிக்கா வரை போய் வந்த நம் பக்கத்து இளைஞர் ஒருவரிடம் கேட்டேன். "ரோட்டுல போறப்பப் பாத்துருக்கறனுங்கண்ணா, மேல ஏறுனதில்லீங்க" என்றார். கேலிக்காகச் சொல்லவில்லை. அவர் ஒருவர் குற்றமும் அன்று அது.

ஆப்பிரிக்கா என்றதும் நினைவுக்கு வருகிறது அஸ்மாரா. எரித்ரியா நாட்டின் தலைநகரம். கடல் மட்டத்துக்கு மேல் 2,300 மீட்டர் உயரத்தில், உலகப் பயணிகள் அதிகம் எட்டிப் பாராத ஊர். இத்தாலியர் ஆண்டபோது, 1938-ல், விமானம் சிறகு விரித்தது போல ஒரு பெட்ரோல் பங்க் கட்டினார்கள். ஆண்டவன் போய்விட்டான், கட்டடம் நிற்கிறது. அடிமைப்படுத்தியவன் கட்டியதாயிற்றே என்று இடித்துத் தள்ளவில்லை அந்த மக்கள். எங்கள் உழைப்பில் எழுந்தது, எங்கள் ஊருக்கே உரியது என்று காத்தார்கள். 2017-ல் யுனெஸ்கோ அந்நகரை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. ஒரு பெட்ரோல் பங்குக்கு அங்கே அவ்வளவு மதிப்பு! இங்கே?

இங்கே, சமவெளியிலிருந்து ஏறத்தாழ 1,500 அடி எழுந்து நிற்கும் மலை. அதன் தோளில் சுற்றுச் சுற்றாக மதில், வாயிலுக்கு மேல் வாயில். விசயநகரத்தார் காலம், மைசூரார் காலம், கும்பெனியார் காலம், மூன்றையும் கண்ட கற்கள். மேலே பெருமாள் கோயிலும் உண்டு, தர்காவும் உண்டு. ஒரே மலை இரண்டையும் சுமக்கிறது, சச்சரவின்றி!

1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து சேலம் சீமை கும்பெனியின் கைக்குப் போயிற்று. ரீட், மன்றோ என்ற வெள்ளை அதிகாரிகள் வந்தார்கள். இடையில் ஜமீன்தார் இல்லாமல் உழவனிடமே நேரே வரி வாங்கும் ரயத்துவாரி முறையைச் சேலம், பாராமகால் சீமையில்தான் நடத்திப் பார்த்தார்கள். பிறகு சென்னை மாகாணத்தின் பெரும்பகுதிக்கு அதுவே சட்டமாயிற்று. இன்று மல்லசமுத்திரம் கூட்டுறவுச் சங்க ஏலத்துக்குப் பருத்தி மூட்டை கொண்டுவரும் உழவர், பாட்டன் காலத்துக் கிஸ்தி ரசீதைப் பெட்டியில் வைத்திருப்பாரானால், அதன் பூர்வீகக் கதை இந்த வட்டாரத்தில்தான் தொடங்குகிறது.

அந்தக் கும்பெனியை எதிர்த்து 1801-ல் காவிரிக் கரையில், 1802-ல் ஓடாநிலையில், 1804-ல் அரச்சலூரில் என்று மூன்று முறை மோதியவன் தீரன் சின்னமலை. அவனைப் பிடித்துக் கொண்டுவந்து தூக்கிலிட்ட இடம் இந்தச் சங்ககிரி. 1805 ஜூலை 31, ஆடிப்பெருக்கு நாள். ஊரெல்லாம் ஆற்றங்கரையில் இருந்தபோது கோட்டையில் கயிறு தொங்கியது!

ஆண்டுதோறும் ஆடிப் பதினெட்டில் தலைவர்கள் வருகிறார்கள், கட்சிக் கொடிகள் வருகின்றன, மாலைகள் குவிகின்றன. நல்லது. மறுநாள்? மதிலும் மலையும் தனித்து நிற்கின்றன. வருகிறவர் சிலரும் எப்படி வருகிறார்கள்? கையில் ஆணியோடு! மதிலில் காதலி பெயர், பாறையில் நடிகர் பெயர். மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம் இது. கெடுத்தால் இரண்டாண்டுச் சிறை, ஒரு இலட்சம் அபராதம் வரை 2010-ன் திருத்தச் சட்டம் சொல்கிறது. சட்டத்தைப் பாறை படிக்குமா, அல்லது ஆணி படிக்குமா?

2025-ல் செஞ்சிக் கோட்டை உலக மரபுப் பட்டியலில் ஏறியது. மகிழ்ச்சி. சங்ககிரிக்கு அவ்வளவு கேட்கவில்லை. ஏறுகிறவன் தவிக்காதிருக்கத் தண்ணீர், எந்த வாயில் எவர் காலத்தது என்று தமிழில் எழுதிய பலகை, வரலாறு சொல்லத் தெரிந்த உள்ளூர் இளைஞர் நால்வருக்கு வேலை. மாலை வாங்கும் செலவில் பாதி போதாதா?

அதுவரை போகிறவர்களுக்குச் சில சொற்கள். கார்த்திகை முதல் தை வரை போங்கள். சித்திரை வெயிலில் பாறை அடுப்பாகிவிடும். விடியற்காலையில் ஏறத் தொடங்குங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீராவது கட்டாயம். மேலே கடையை நம்பாதீர்கள், சுனை நீரைக் குடிக்காதீர்கள். வழுக்காத செருப்பு வேண்டும். தனியாக வேண்டாம், நால்வராகப் போங்கள். சிறுவர்களை அழைத்துப் போகிறவர்கள் ஒவ்வொரு வாயிலிலும் உட்காரவைத்துக் கதை சொல்லுங்கள். களைப்பும் தெரியாது, கதையும் நிற்கும். உச்சியில் நின்று தெற்கே பாருங்கள், திருச்செங்கோட்டு மலை தெரியும். காலிக் குப்பிகளைக் கையோடு கீழே கொண்டு வாருங்கள். மல்லசமுத்திரம் திரும்புகிறவர்கள் இருட்டும்முன் திருச்செங்கோட்டில் பஸ் பிடித்துவிடுவது நல்லது.