மயிலுக்கு ஏற்ற நிலம்

அமெரிக்கக் காடுகளில் வாழும் காட்டு வான்கோழி, சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் வேட்டையாலும் காடழிப்பாலும் மிகவும் அருகிப் போயிற்று. அந்நாட்டார் எஞ்சிய பறவைகளைப் பிடித்துப் புதிய இடங்களில் விட்டும், நிலத்தை அவற்றிற்கேற்பத் திருத்தியும் அவ்வினத்தை மீட்டனர். அந்த வான்கோழியின் குடும்பத்தைச் சேர்ந்ததே நம் மயில். ஐதராபாத்தில் வாழும் நாம் அதற்கு எத்தகைய நிலத்தை விட்டுவைக்கிறோம் என எண்ணிப் பார்த்தல் தகும்.

ஜூப்ளி ஹில்ஸில் உள்ள காசு பிரம்மானந்த ரெட்டி தேசியப் பூங்காவை நம்மவர் பலரும் அறிவர். ஏறத்தாழ 390 ஏக்கர் பரப்புள்ள இந்நிலம் 1998ஆம் ஆண்டில் தேசியப் பூங்கா ஆயிற்று. பாறையும் முட்புதரும் மரமும் கலந்த தக்காணக் காட்டின் எச்சம் இது. நகரம் நாற்புறமும் சூழ்ந்த பின்னும் இங்கே மயில் நிலைத்திருப்பதற்கு அக்கலப்பே துணை.

மயில் இரவில் உயர்ந்த மரக்கிளையில் தங்கும். ஆனால் முட்டையிடுவதோ தரையில், புதர் மறைவில். பெடை மட்டுமே ஏறத்தாழ 28 நாள் அடைகாக்கும். தோகை விரித்தாட வெட்டவெளி வேண்டும். குஞ்சுகளுக்குப் பூச்சி வேண்டும். அருகே நீரும் வேண்டும். ஆகவே, புதரை ஒழித்துப் புல்தரை விரித்த தோட்டம் நம் கண்ணுக்கு இனிதேயன்றி மயிலுக்கு இல்லமாகாது. புதர்களைத் திட்டுத் திட்டாக விட்டுவைத்தல், உண்ணிச்செடி நிலம் முழுவதையும் மூடாமல் களைதல், கோடையில் ஆழமற்ற குட்டையில் நீர் நிறுத்தல், பூச்சிமருந்து தெளியாமை, நாய்கள் புகாமல் காத்தல் ஆகியவையே உண்மையான நிலத்திருத்தம்.

மயில் 1963இல் நாட்டின் தேசியப் பறவையாயிற்று. 1972ஆம் ஆண்டுச் சட்டம் அதனைக் கொல்வதைத் தடுத்தது. எனினும் பறவையைக் காக்கும் சட்டம், அது கூடு கட்டும் புதரை எங்கும் காத்துவிடுவதில்லை. ஐதராபாத் பல்கலைக்கழகத்தை அடுத்த காஞ்சா கச்சிபௌலியில், மயில்கள் உலவும் நிலத்தில் 2025 மார்ச்சு இறுதியில் இயந்திரங்கள் மரங்களை வீழ்த்தின. மாணவர்கள் எதிர்த்தனர்; ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவ்வேலையை நிறுத்தியது. தரிசு என்று நாம் தள்ளும் நிலமே மயிலின் வீடு என்பதை அந்நிகழ்ச்சி ஊரறியச் செய்தது.

நகரின் ஓரங்களில் வீடும் மனையும் உடைய நம் அன்பர்கள், வேலியோரத்துப் புதர் ஒன்றையேனும் வெட்டாது விடலாம். குடியிருப்புச் சங்கங்களிலும் இதனை எடுத்துரைக்கலாம். மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனைப் போற்றும் மரபினர் நாம். இன்று அது வேண்டுவது போர்வையன்று, புதர்.