ஒரு கணினியில் இரண்டு இயங்குதளங்கள்

2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் தமிழ்நாட்டு அரசாங்கத்தார் மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கினர். அதன் பயனாகத் திசையன்விளை முதலிய தேரிக்காட்டு ஊர்களிலும், முன்பு கணினியைக் கண்டறியாத இல்லங்கள் பலவற்றுள் அக்கருவி புகுந்தது. அவ்வாறு வழங்கப்பட்டவற்றுள் பல, விண்டோஸ், 'பாஸ்' லினக்ஸ் என்னும் இரண்டு இயங்குதளங்களை உடையனவாயிருந்தன. பின்னது மத்திய அரசைச் சார்ந்த சி-டாக் நிறுவனத்தார் சென்னையில் உருவாக்கி, 2007-ல் வெளியிட்டது. ஒரே யந்திரத்தில் இரண்டு எங்ஙனம் குடியிருத்தல் கூடும்? அதனால் நமக்கு ஆவது யாது? இவற்றைச் சிறிது ஆராய்வோம்.

இயங்குதளமாவது கணினியின் உறுப்புக்களையெல்லாம் ஏவி வேலைகொள்ளும் தலைமை நிரலாகும். வன்தட்டைப் பல பாகங்களாகப் பிரித்துக்கொள்ளலாம். ஒரு புரையிடத்தில் வரப்பெடுத்து, அண்ணன் ஒருபுறமும் தம்பி ஒருபுறமும் வீடு கட்டிக்கொள்வது போல, ஒரு பாகத்தில் விண்டோஸும் மற்றொன்றில் லினக்ஸும் அமையும். ஒரு சமயத்தில் ஒன்றே இயங்கும். மற்றது உறங்கிக் கிடக்கும்.

எதனை எழுப்புவது என்று தீர்மானிப்பது துவக்க நிரல். லினக்ஸோடு பெரும்பாலும் வருவது 'கிரப்' என்பதாம். பழைய கணினிகளில் பயாஸ் என்னும் அடிப்படை நிரல், வட்டின் முதல் 512 பைட்டுகளைப் படித்து, அங்குள்ள குறிப்பின்படி நடக்கும். புதியவற்றில் அதனிடத்தை யூ.இ.எஃப்.ஐ. பெற்றுள்ளது, இது தனக்கென ஒதுக்கிய ஒரு சிறு பாகத்தில் ஒவ்வோர் இயங்குதளத்தின் துவக்க நிரலையும் தனித்தனிக் கோப்பாக வைத்துக்கொள்ளும். பழைய முறையில், பின்னர் நிறுவப்படும் விண்டோஸ் அம்முதலிடத்தில் தன் குறிப்பை எழுதி, லினக்ஸின் குறிப்பை அழித்துவிடும். அதுபற்றியே விண்டோஸை முன்னும் லினக்ஸைப் பின்னும் நிறுவுக என்பர்.

இவ்வறிவு இப்பொழுது பெரிதும் வேண்டற்பாலதாயிற்று. விண்டோஸ் 10-க்கு அதன் நிறுவனத்தார் அளித்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிவுற்றது. 2021-ல் வெளிவந்த விண்டோஸ் 11-ஓ, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பையும் புதிய செயலியையும் வேண்டுவதாதலின், பழைய மடிக்கணினிகள் பலவற்றை ஏற்பதில்லை. ஆகவே நல்ல நிலையிலுள்ள யந்திரமும் பழையதென்று பரணேறும். புதிது வாங்கப் பொருளில்லாத மாணவனுக்கு இஃது எளிய இழப்பன்று. லினக்ஸோ விலையின்றிக் கிடைப்பது. அதன் வகைகளுட் சில குறைந்த நினைவகத்திலும் இயங்குவன. அப் பழைய கருவியை இணையத்தில் உலாவவும், கட்டுரை எழுதவும், நிரலாக்கம் பயிலவும் இன்னும் பல்லாண்டு கையாளலாம். விண்டோஸில் மட்டுமே ஓடும் மென்பொருள் ஏதேனும் பாடத்திற்கு வேண்டுமாயின், அதுவும் பக்கத்திலேயே இருக்கும். ஆயினும் ஆதரவற்ற விண்டோஸை இணையத்தோடு இணைக்காது வைத்தலே நலம்.

இனி, நிறுவும் முறையைக் கூறுவோம். முதற்கண் நம் கோப்புக்களையெல்லாம் வேறொரு வட்டிற் படியெடுத்து வைத்தல் வேண்டும். பாகம் பிரிக்கையில் மின்சாரம் நின்றாலும், கை தவறினாலும், ஆண்டுக்கணக்கான உழைப்பு நொடியில் அழியும். பின்னர் விண்டோஸில் உள்ள வட்டு மேலாண்மைக் கருவியைக் கொண்டே அதன் பாகத்தைச் சுருக்கி, வெற்றிடம் உண்டாக்குக. வட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருப்பின் அதன் மீட்புத் திறவுகோலைக் குறித்துக்கொள்க. விரைவுத் துவக்கம் என்னும் வசதியையும் நிறுத்திவிடல் வேண்டும். அது விண்டோஸை முற்றும் மூடாமல் அரைத்தூக்கத்தில் விடுவதால், லினக்ஸ் அப்பாகத்தில் எழுதப் புகின் கோப்புக்கள் கெடும். இவை முடிந்தபின், லினக்ஸைப் பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமலே இயக்கிப் பார்க்கலாம். திரை, ஒலி, வைஃபை யாவும் செவ்வனே இயங்குமாயின், வெற்றிடத்தில் நிறுவுக. நிறுவும் நிரல், 'வட்டு முழுவதையும் அழிக்கவா?' என்று ஒரு வழியைக் காட்டும்; அதனைத் தேர்ந்தால் விண்டோஸும் கோப்புக்களும் ஒருங்கே மாயும். 'பக்கத்தில் நிறுவுக' என்னும் வழியையே தேர்தல் வேண்டும்.

நிறுவியபின் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பிழைபடக் காட்டக் கண்டு பலர் மருள்வர். யந்திரம் பழுதாயிற்றென்று எண்ணற்க. கணினியினுள் உள்ள கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும், லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் கொள்வதே காரணம். இந்திய நேரம் பொது நேரத்திற்கு 5 மணி 30 நிமிடம் முற்பட்டதன்றோ? லினக்ஸையும் உள்ளூர் நேரமே கொள்ளுமாறு அமைத்துவிட்டால் அப்பிழை தீரும்.

இரண்டனுள் எது சிறந்தது என வழக்காடுவது நம் கருத்தன்று. வாங்கும்பொழுது உடன்வந்த ஒன்றே கணினி என்று எண்ணியிருப்பவர், அது பழையதாகும்போது யந்திரத்தையும் இழப்பர். யந்திரம் வேறு, அதனை இயக்கும் நிரல் வேறு என்று உணர்ந்தவர், ஒன்று கைவிட்டாலும் மற்றொன்றைக் கொண்டு தம் வேலையைத் தொடர்வர். பரணில் உறங்கும் மடிக்கணினி ஏதேனும் வீட்டில் இருப்பின், இவ்விடுமுறையில் அதனை இறக்கித் தூசி தட்டிப் பார்க்குமாறு மாணவ நண்பர்களை வேண்டுகிறோம்.