சத்ரியா ஜிடிஐ, புத்ரா: இரண்டில் எது வேகம்?

செனாவாங்: சிரம்பான் வட்டாரத்துப் பட்டறைகளில் பழைய புரோட்டோன் கார்ப் பிரியர்கள் நான்கு பேர் கூடினால் ஒரு வாக்குவாதம் கிளம்பிவிடும். சத்ரியா ஜிடிஐ வேகமா, புத்ரா வேகமா?

இரண்டிலும் இருப்பது ஒரே இயந்திரம் என்பதே இதற்கான முதல் பதில். மிட்சுபிஷியின் 4ஜி93 இரட்டை கேம்ஷாஃப்ட் வகை அது. 1,834 சிசி, 16 வால்வு, ஏறக்குறைய 140 குதிரைத்திறன். உடலும் ஒரே குடும்பம்தான். இரண்டும் மிட்சுபிஷி மிராஜ் வழி வந்தவை. 1996இல் வந்த புத்ரா இரண்டு கதவுக் கூபே. 90களின் இறுதியில் வந்த ஜிடிஐ, பின்கதவு மேலே திறக்கும் சின்ன கார். எடையிலும் பெரிய வேறுபாடில்லை. ஆகவே நேர்சாலையில் ஒன்று மற்றொன்றை முந்தினால், அது பெரும்பாலும் ஓட்டுநரின் கியர் மாற்றமோ இயந்திரத்தின் வயதோ செய்த வேலை.

வேறுபாடு தெரிவது வளைவில். பழைய புக்கிட் பூத்துஸ் சாலை வழியாகக் கோலப்பிலா போனவர்களுக்கு இது எளிதில் புரியும். இவை முன்சக்கரங்களால் இழுக்கப்படும் கார்கள். திருப்புவதும் இழுப்பதும் அதே இரண்டு டயர்கள் என்பதால், வேகம் மிஞ்சினால் கார் வளைவின் வெளிப்பக்கம் தள்ளும். 1996இல் லோட்டஸ் நிறுவனம் புரோட்டோன் கைக்கு வந்தது. அதன் பொறியாளர்கள் ஜிடிஐயின் ஸ்பிரிங், அப்சோர்பர் அமைப்பைச் செப்பனிட்டனர். 16 அங்குலச் சக்கரமும் சேர்ந்ததால், கார் அதிகம் சாயாமல் சாலையைப் பிடித்துக்கொண்டு திரும்புகிறது. வளைவில் ஜிடிஐக்கே முதலிடம் தரலாம். தோட்டத்துச் செம்மண் பாதையில் போனால் அதே இறுக்கம் முதுகெலும்பைப் பதம் பார்த்துவிடும், அது வேறு கதை.

இன்று வாங்குபவர் கவலைப்பட வேண்டியது வேறொன்று. சந்தையில் ஜிடிஐ என்று நிற்பதெல்லாம் ஜிடிஐ அல்ல. 1.3 லிட்டர் சாதாரண சத்ரியாவில் ‘ஹாப் கட்’ 4ஜி93 இயந்திரத்தைப் பொருத்தி, பம்பரையும் பேட்ஜையும் மாற்றிவிடுகிறார்கள். சுமார் 75 குதிரைத்திறனுக்காகச் செய்த காரில் இப்போது 140. பிரேக்கை மாற்றாமல் விட்டால், பின்சக்கரத்தில் பழைய டிரம் பிரேக்தான் இருக்கும். அசல் ஜிடிஐயில் நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க். வேகம் 80இலிருந்து 110ஆக உயர்ந்தால், நிறுத்துவதற்கு பிரேக் தாங்க வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய இரு மடங்காகிறது. இந்தக் கணக்கு தெரியாமல் பிள்ளைக்குக் கார் வாங்கித் தரும் பெற்றோரும் உண்டு.

இயந்திரம் மாற்றினால் வாகனச் சோதனைக்குப் பின் சாலைப் போக்குவரத்துத் துறையிடம் (ஜேபிஜே) பதிய வேண்டும். பதியாத காருக்கு விபத்து நேர்ந்தால் காப்பீட்டு இழப்பீடும் சிக்கலாகலாம். முன்பணம் கொடுக்குமுன் கெரானில் உள்ள இயந்திர எண், சேசிஸ் எண், சிசி அளவு மூன்றையும் காரோடு ஒப்பிட வேண்டும். பிறகு ஜேக் போட்டுத் தூக்கி, பின்சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கச் சொல்லலாம். விற்பவர் தயங்கினால் வேறு கார் தேடுவது நல்லது. எல்லாம் சரியென்றால், டைமிங் பெல்ட் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று கேட்க மறக்கக்கூடாது.