அழைப்புக் கடிதம் வந்த பிறகு

2004 செப்டெம்பரில் இலங்கையின் தேசிய ஹேண்ட்போல் அணி என்ற பெயரில் 23 பேர் ஜேர்மனிக்குப் போனார்கள். ஆசிய - ஜேர்மன் விளையாட்டுப் பரிமாற்றத் திட்டம் ஒன்றின் வழியே போன பயணம் அது. பவேரியாவில் விட்டிஸ்லிங்கன் என்ற சின்ன ஊரில் தங்கி, உள்ளூர் அணிகளோடு ஆடித் தோற்றார்கள். பிறகு ஒருநாள் காலையில் ஒருவரையும் காணவில்லை. விருந்தோம்பலுக்கு நன்றி சொல்லும் கடிதம் மட்டும் கிடந்தது. இலங்கைக்கு அப்படியொரு தேசிய அணியே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. இந்தச் சம்பவம் 2008இல் 'மச்சான்' என்ற படமாகவும் வந்தது.

பலர் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். என்னால் சிரிக்க முடிவதில்லை. ஒரு குழு இப்படி மறைந்துவிட்டால், அடுத்த மாதம் கோயில் திருவிழாவுக்கு சூரிச் போக விண்ணப்பிக்கும் தவில் நாதஸ்வரக் கலைஞரின் தாள்களை வீசா அதிகாரி எந்தக் கண்ணால் பார்ப்பார்? வருடக்கணக்காகப் பயிற்சி எடுத்த நடனப் பிள்ளைகளின் விண்ணப்பத்தை?

வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் இந்தத் தவிப்பு புதிதல்ல. யுத்தகாலத்தில் வடக்குக் கிழக்கிலிருந்து வந்து லொட்ஜ் அறைகளில் மாதக்கணக்காக ஏஜென்சிக்காரரின் அழைப்புக்குக் காத்திருந்தவர்கள் இன்றும் நம்மோடு இருக்கிறார்கள். கொச்சிக்கடை அந்தோனியாரிடம் வீசாவுக்காக நேர்ந்துகொண்ட தாய்மார் எத்தனையோ பேர். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு அதே தவிப்பு அவர்களுடைய பிள்ளைகளுக்கும் வந்திருக்கிறது. அதைப் பிழை சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனால் அந்தத் தவிப்பை வைத்துப் பிழைப்பவர்கள் இப்போது 'கலாசாரப் பரிமாற்றம்', 'தொழிற்பயிற்சி' என்று பேசுகிறார்கள். 'வேலை' என்று சொன்னால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் வேண்டும், ஒப்பந்தம் வேண்டும், பதிவு வேண்டும். 'பயிற்சி' என்று சொல்லிவிட்டால் அவற்றையெல்லாம் சுற்றிக்கொண்டு போய்விடலாம் என்பது அவர்களின் கணக்கு.

உண்மையான திட்டங்கள் இருக்கின்றன, நம் பிள்ளைகள் அவற்றுக்குப் போகத்தான் வேண்டும். 1964இல் தொடங்கிய இந்தியாவின் ஐடெக் பயிற்சித் திட்டத்தில் விமானச் சீட்டு, பயிற்சிக் கட்டணம், தங்குமிடம் எல்லாமே இந்திய அரசின் செலவு. அமெரிக்க - இலங்கை ஃபுல்பிரைட் ஆணைக்குழு 1952 முதல் கொழும்பில் இயங்குகிறது, புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிக்கக் கட்டணம் கேட்பதில்லை. ஜப்பானிய அரசின் உலக இளைஞர் கப்பல் திட்டத்தில் இலங்கை இளைஞர்களும் பயணித்திருக்கிறார்கள். இவை எதிலும் நகையை அடகு வைத்து ஐந்து இலட்சம், பத்து இலட்சம் கட்டச் சொல்லும் ஆளுக்கு இடமில்லை. 'இடம் பிடித்துத் தர' எவராவது காசு கேட்டால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

சரி, அழைப்புக் கடிதம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மேசையில் விரித்து வைத்து ஆறுதலாக வாசியுங்கள். அழைக்கும் நிறுவனத்தின் முழு முகவரி இருக்கிறதா? மின்னஞ்சல் நிறுவனத்தின் பெயரில் இருக்கிறதா, ஜிமெயிலிலா? கடிதத்தில் அச்சிட்ட தொலைபேசி எண்ணுக்கு அழைத்து விசாரிப்பதில் பயனில்லை. அதை எடுப்பவரும் அவர்களுடைய ஆளாக இருக்கலாம். நிறுவனத்தின் எண்ணை நீங்களாகத் தேடி எடுத்து அழையுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை மணிநேரம், என்ன வேலை, என்ன கொடுப்பனவு, திரும்பிவரும் டிக்கெட் யார் பொறுப்பு, சுகவீனம் வந்தால் காப்புறுதி உண்டா என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். அடுத்து வீசாவைப் பாருங்கள். எந்த வகை, எத்தனை நாள், வேலை செய்ய அனுமதி உண்டா? சுற்றுலா வீசாவைக் கையில் தந்து 'அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்' என்றால், போய் இறங்கி வேலையைத் தொட்ட நாளிலிருந்து நீங்கள் சட்டத்துக்குப் புறம்பானவர். உங்களை வேலை வாங்குபவருக்கு அது நன்றாகவே தெரியும். சம்பளம் கேட்டால் 'பொலிஸுக்குச் சொல்லவா?' என்று மிரட்டுவதற்கு அவருக்கு அது போதும்.

உத்தியோகபூர்வமான திட்டத்தில் போனாலும் கண் திறந்தே இருக்க வேண்டும். அமெரிக்காவின் ஜே-1 பரிமாற்ற வீசாவில், கோடைகாலத்தில் வேலை செய்து நாட்டையும் பார்க்கலாம் என்று ஆயிரக்கணக்கான டொலர் கட்டிப் போன பல நாட்டு மாணவர்கள், பென்சில்வேனியாவில் ஹெர்ஷி சொக்லேட் பொதி செய்யும் ஆலையில் பாரப் பெட்டிகள் தூக்கினார்கள். வாடகையும் மற்றச் செலவும் கழித்தால் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. 2011 ஓகஸ்டில் நூற்றுக்கணக்கானோர் வேலையை நிறுத்தி வீதிக்கு வந்தார்கள். மறு வருடமே அமெரிக்க அரசு விதிகளைத் திருத்தி, கிடங்கு வேலை போன்றவற்றை அந்தத் திட்டத்திலிருந்து விலக்கியது. அந்நிய நாட்டில் நின்று சேர்ந்து குரல் கொடுத்தவர்கள், இருபது வயது மதிக்கத்தக்க பிள்ளைகள்.

ஜப்பானின் தொழில்நுட்பப் பயிலுநர் திட்டம் 1993இல் தொடங்கியது. வளரும் நாடுகளுக்குத் திறனைக் கொடுப்பதுதான் எழுத்திலுள்ள நோக்கம். நடைமுறையில் ஆள் பற்றாக்குறையை நிரப்பவே பயன்பட்டது என்ற விமர்சனம் வலுத்ததால், 2027 ஏப்ரலில் புதிய திட்டம் அதன் இடத்துக்கு வருகிறது. அங்கே பயிலுநருக்கும் தொழிற்சட்டமும் குறைந்தபட்ச ஊதியமும் பொருந்தும். கடவுச்சீட்டைப் பறித்து வைப்பதும், இடையில் விலகினால் தண்டப்பணம் என்று ஒப்பந்தம் போடுவதும் சட்டப்படி குற்றம். இங்கே ஏஜென்சியில் அப்படியொரு தாளை நீட்டினால் கையெழுத்து வைக்காதீர்கள்.

வீசா காலம் முடிந்தும் தங்கிவிடலாம் என்று நினைப்பவர்கள் விஷ்மா சந்தமாலி என்ற இலங்கைப் பெண்ணை நினைத்துப் பார்க்க வேண்டும். 2017இல் மாணவர் வீசாவில் ஜப்பான் போனவர். பிறகு வதிவிட அனுமதி இல்லாமல் போனது. கூட வாழ்ந்தவரின் வன்முறையிலிருந்து தப்பப் பொலிஸுக்குப் போன இடத்தில், வீசா இல்லாதவர் என்று தடுத்து வைக்கப்பட்டார். உடல்நலம் குன்றி, 2021 மார்ச் 6ஆம் திகதி நகோயா தடுப்பு நிலையத்தில் இறந்தார். வயது 33. உதவி கேட்டுப் போன ஒரு பெண்ணுக்கு நடந்தது இது.

ஏமாந்துவிட்டால் என்ன செய்வது? 'நானும் பொய்த் தாளில் கையெழுத்து வைத்தேனே' என்ற பயத்தில்தான் பலர் வாய் திறப்பதில்லை. ஆனால் இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை 360இ பிரிவில், சுரண்டுவதற்காக ஆட்களைக் கொண்டுபோகும் ஆட்கடத்தலுக்கு 2 முதல் 20 வருடம் வரை சிறை. இலங்கை 2015இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. ஆட்கடத்தல் நெறிமுறையின்படி, சுரண்டுவதற்காக ஏமாற்றிப் பெற்ற சம்மதம் சம்மதமே ஆகாது. முறைப்பாடு செய்பவருக்கு மிரட்டல் வந்தால், 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கப் பாதிக்கப்பட்டோர், சாட்சிகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆகவே பேசுங்கள்.

வெளிநாட்டில் நிற்பவர் முதலில் இலங்கைத் தூதரகத்தை அணுகலாம். வீட்டார் பத்தரமுல்லை சுஹுருபாயவில் உள்ள வெளிநாட்டமைச்சின் கொன்சியூலர் பிரிவுக்குப் போகலாம். வேலை தொடர்பானது என்றால் பணியகத்தின் 1989 இலக்கம். ஏஜென்சிக்கு உரிமம் உண்டா என்று பணம் கொடுக்கும் முன்பே பணியகத்தின் இணையத்தளத்தில் பார்க்கலாம்; உரிமம் இல்லாமல் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பதே குற்றம். வங்கிப் பற்றுச்சீட்டு, வட்ஸ்அப் குரல் பதிவு, கடிதத்தின் படம், எதையும் அழிக்க வேண்டாம். அவற்றின் பிரதியை ஊரிலுள்ள நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பி வையுங்கள்.

கொழும்பில் பொலிஸ் நிலையத்துக்குப் போகும் தமிழருக்கு இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொள்ள அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரை உரிமை தருகிறது. முறைப்பாட்டைத் தமிழில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். எழுத ஆளில்லை என்றால், தமிழில் நீங்களே எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். வாசிக்க முடியாத மொழியில் எழுதியதற்குக் கீழே கையெழுத்து வைக்காதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொண்டு வாருங்கள். பொலிஸார் ஏற்க மறுத்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 இலக்கத்துக்கு அழையுங்கள்.