ஒட்டு வெண்டை விதை: 6 காய் தவறினால் மொத்தமும் போகும்!

பருத்தி விளையும் கள்ளக்குறிச்சி, சின்னசேலம் பகுதி விவசாயிகளுக்கு வீரிய ஒட்டு விதை புதிதல்ல. 1970-ல் குஜராத்தின் சூரத்தில் வெளியான ‘ஹைப்ரிட்-4’ பருத்திக்குக் கையால் மகரந்தம் சேர்த்தே விதை எடுத்தார்கள். ஒட்டு வெண்டையிலும் இதே முறைதான்.

வெண்டையில் ஒரே பூவில் ஆண், பெண் இரண்டும் உண்டு. விட்டுவிட்டால் தன் மகரந்தத்திலேயே காய் பிடிக்கும். சான்று பெற ஒட்டு விதையின் இனத்தூய்மை குறைந்தது 95 சதவீதம் வேண்டும். 100 காய்களில் 6 காய் இப்படிப் பிடித்தவை என்றால் தூய்மை 94-க்கு இறங்கி, மொத்தக் குவியலும் தள்ளுபடியாகும். விதையைப் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது. விதைத்து வளர்க்கும் சோதனையில்தான் தெரியும். முற்றிய காயைச் சந்தையிலும் விற்க முடியாது.

இடைவெளி

சான்று விதை வயலைச் சுற்றி 200 மீட்டருக்குள் வேறு வெண்டை கூடாது. கல்வராயன் மலையில் மேடும் காடும் வயல்களைப் பிரிப்பது நல்ல வசதி. ஆனால், தேனீக்கள் அங்கு அதிகம். பக்கத்து வீட்டுக் கொல்லையில் நிற்கும் நாலு வெண்டைச் செடிகளும், ஓடைக்கரைக் காட்டு வெண்டையும் போதும், உங்கள் உழைப்பைக் கெடுக்க. விதைக்கும் முன்பே சுற்றிப் பாருங்கள். கலப்புச் செடிகளையும், நரம்பு மஞ்சள் தேமல் தாக்கிய செடிகளையும் பூக்கும் முன் பிடுங்கிவிடுங்கள்.

மாலை வேலை

மறுநாள் மலரப்போகும் மொட்டுகளைப் பெண் செடிகளில் மாலை 3 மணிக்கு மேல் தேர்வு செய்யுங்கள். மொட்டின் அடியில் கட்டைவிரல் நகத்தால் சுற்றிக் கீறி, இதழோடு மகரந்தக் குழலையும் உருவி எடுங்கள். சூலகமும் சூல்தண்டும் காயப்படக்கூடாது. ஒரு மகரந்தப்பை ஒட்டியிருந்தாலும் வேலை வீண். உடனே சிவப்புக் காகித உறையால் மூடுங்கள். ஆண் செடி மொட்டுகளையும் அன்றே மூடி வையுங்கள். பலரும் மறப்பது இதைத்தான்.

காலை வேலை

மறுநாள் காலை 10 மணிக்குள் ஆண் பூவைப் பறித்து, பெண் பூவின் சூல்முடி முழுவதும் படும்படி மெதுவாகத் தடவுங்கள். வெள்ளை உறைக்கு மாற்றி, காம்பில் நூல் கட்டுங்கள். மழையில் நனைந்த மகரந்தம் பயன்படாது. முந்தைய நாள் கண்ணுக்குத் தப்பி, பெண் செடியில் தானாக மலர்ந்த பூவைத் தயங்காமல் கிள்ளி எறியுங்கள்.

ஒட்டுக்கட்டும் பருவம் முடிந்ததும் ஆண் செடிகளை அகற்றி, பெண் செடிகளின் நுனியைக் கிள்ளிவிடுங்கள். நூல் கட்டிய காய்களை மட்டும் அறுவடை செய்யுங்கள். நூல் அறுந்த காயைச் சந்தேகத்தின் பலன் கொடுத்துச் சேர்க்காதீர்கள்.

பூக்கும் முன்பே விதைச்சான்று உதவி இயக்குநர் அலுவலகத்தில் வயலைப் பதிவு செய்யுங்கள். நிறுவனத்துக்காக விதை எடுப்பவர்கள், சோதனையில் தவறினால் நஷ்டம் யாருக்கு என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிய பிறகே விதையுங்கள். ஒட்டுக்கட்டுவது பள்ளி செல்லும் நேரத்து வேலை. ஆள் பற்றாக்குறை என்று பிள்ளைகளை வயலில் இறக்காதீர்கள். எத்தனை பேர் கிடைப்பார்களோ, அந்த அளவுக்கு மட்டும் பரப்பை வைத்துக்கொள்ளுங்கள். கால் ஏக்கரைச் சரியாகச் செய்தால் போதும்.