பழைய வண்டியும் எச்சரிக்கை விளக்கும்



நம்மில் பெரும்பாலோர் முதல் வண்டியைப் பழைய வண்டியாகத்தான் வாங்குகிறோம். மளிகைக் கடை வைத்திருப்பவர் ஓர் ஆம்னியோ ஈகோவோ வாங்குகிறார். வியாபாரம் சற்றுப் பெருகியதும் நாம் 'குட்டி யானை' என்று சொல்லும் டாடா ஏஸ் வருகிறது. மொத்தக் கடைக்காரருக்குப் பிக்கப் வேண்டியிருக்கிறது. புது வண்டியில் முடக்கும் பணத்தைச் சரக்கில் போட்டால் நாலு காசு பார்க்கலாம் என்பது நம் கணக்கு. அது தவறான கணக்கும் அல்ல.

ஆனால் வாங்கும் முறையில்தான் கோட்டை விடுகிறோம். டயரைத் தட்டிப் பார்க்கிறோம். பெயிண்டைத் தடவிப் பார்க்கிறோம். ஆர்.சி., இன்சூரன்ஸ், எஃப்.சி. எல்லாம் கேட்கிறோம். ஸ்டியரிங்குக்கு எதிரே மீட்டர் பெட்டியில் எரிகிற சின்னஞ்சிறு விளக்குகளை மட்டும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. ஒரு மூட்டைத் துவரம்பருப்பு வாங்கினால்கூட மூட்டையைக் குத்திச் சாம்பிள் எடுத்து, உள்ளங்கையில் பரப்பிப் பார்த்த பிறகே விலை பேசுகிறவர்கள் நாம். லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கும் வண்டிக்கு அந்த விளக்குகள்தான் சாம்பிள்.

நான் மெக்கானிக் அல்ல, பருப்பு வியாபாரி. ஆனாலும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வண்டி வைத்துத் தொழில் செய்வதால் தெரிந்துகொண்டதையும், நல்ல மெக்கானிக்குகளிடம் கேட்டு அறிந்ததையும் நம்மவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

சாவி போட்டதும் எரிய வேண்டும்

விளக்கு எரிந்தால் கோளாறு, எரியாவிட்டால் வண்டி நன்றாக இருக்கிறது என்று பலரும் எண்ணுகிறார்கள். இது பாதி உண்மைதான்.

எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் 'ஆன்' நிலைக்குத் திருப்புங்கள். அப்போது எச்சரிக்கை விளக்குகள் எரிய வேண்டும். ஆயில் விளக்கும் பேட்டரி விளக்கும் எஞ்சின் ஓடத் தொடங்கும் வரை எரிந்துகொண்டிருக்கும். எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கும் அப்படியே. ஏ.பி.எஸ்., ஏர்பேக் விளக்குகள் சில விநாடிகள் எரிந்து, தம்மைத் தாமே சோதித்துக்கொண்டு அணைந்துவிடும். இதுதான் முறை.

சாவியைத் திருப்பியும் ஒரு விளக்கு எரியவே இல்லை என்றால் பல்பு போயிருக்கலாம், அல்லது யாரோ வேண்டுமென்றே ஒயரைக் கழற்றியிருக்கலாம். எரிகிற விளக்கையாவது கண்ணால் பார்க்கலாம். எரிய வேண்டிய நேரத்தில் எரியாத விளக்கு அதைவிட ஆபத்தானது. வண்டி பார்க்கப் போகும்போது சாவியை உங்கள் கையில் வாங்கி, நீங்களே திருப்பிப் பாருங்கள். ஏற்கெனவே ஸ்டார்ட் செய்து ஓடவிட்டு நிறுத்தியிருக்கும் வண்டியாக இருந்தால், அணைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து பாருங்கள்.

இதன் அருமை எங்கள் பஜாரில் நடந்த ஒரு சம்பவத்தால் எல்லோருக்கும் விளங்கியது. மளிகை வியாபாரி ஒருவர் புரோக்கர் மூலம் பழைய பிக்கப் வாங்கினார். வாங்கி இரண்டு மாதம் ஆகவில்லை. பொங்கல் சமயம். மதுரையில் சரக்கு ஏற்றிக்கொண்டு விருதுநகர் வரும் வழியில், திருமங்கலம் தாண்டியதும் எஞ்சினில் கடகடவென்று சத்தம். சற்று நேரத்தில் எஞ்சின் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது. ஆயில் வற்றிப் போயிருந்தது. "லைட்டு எரிஞ்சிருக்குமே, ஏன்டா பாக்கல?" என்று முதலாளி டிரைவரைக் கடிந்துகொண்டார். "சத்தியமா எரியல மொதலாளி" என்று அந்தப் பையன் சொன்னதை யாரும் நம்பவில்லை. வேலையை விட்டே அனுப்புவதாக இருந்தார்கள். ஒர்க்‌ஷாப்பில் எஞ்சினை இறக்கியபோதுதான் தெரிந்தது, ஆயில் சுவிட்சுக்குப் போகும் ஒயரைக் கழற்றிச் சுருட்டி டேப் ஒட்டியிருந்தார்கள். பழைய உடைமைக்காரர் காலத்திலேயே விளக்கு எரிந்திருக்கிறது. ஆயில் கோளாறைச் சரி செய்யாமல் விளக்கைச் சரி செய்திருக்கிறார்கள்!

எஞ்சின் வேலைக்கு ஆன செலவு ஒரு பக்கம். பண்டிகை நேரத்தில் வாடகை வண்டிக்குக் கொடுத்தது இன்னொரு பக்கம். ஆனால் ஏழைப் பையன் ஒருவன் பொய்யன் என்று பேர் வாங்கவிருந்தானே, அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. அட்வான்ஸ் கொடுக்குமுன் சாவியைத் திருப்பிப் பார்த்திருந்தால் அரை நிமிடத்தில் குட்டு வெளிப்பட்டிருக்கும்.

சிவப்பு என்றால் நில்

எல்லா வண்டிகளுக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு. சிவப்பு விளக்கு என்றால் பத்திரமாக ஓரம் கட்டி நிறுத்த வேண்டும். மஞ்சள் விளக்கு என்றால் விரைவில் காட்ட வேண்டும். பச்சையும் நீலமும் ஹெட்லைட், இண்டிகேட்டர் போன்றவை எரிவதைத் தெரிவிப்பவை.

சிவப்பில் முக்கியமானவை நான்கு.

முதலாவது, எண்ணெய்க் கிண்டி போன்ற படம் போட்ட ஆயில் விளக்கு. இது ஆயில் எவ்வளவு இருக்கிறது என்பதைக் காட்டுவதில்லை. ஆயில் அழுத்தம் குறைந்துவிட்டது என்பதையே காட்டுகிறது. எஞ்சின் ஓடும்போது இது எரிந்தால் உடனே ஓரம் கட்டி எஞ்சினை அணைத்துவிட வேண்டும். 'இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே' என்ற பேச்சே கூடாது. சமதரையில் நிறுத்தி, சில நிமிடம் கழித்து ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். அளவு குறைந்திருந்தால் சரியான ஆயில் ஊற்றிப் பார்க்கலாம். அளவு சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால், அல்லது ஊற்றியும் அணையாவிட்டால், கட்டி இழுத்துத்தான் போக வேண்டும்.

இரண்டாவது, சூடு காட்டும் விளக்கு. முள் சிவப்புக் கோட்டைத் தொட்டாலும் இதே அர்த்தம்தான். நிறுத்தி எஞ்சினை அணைத்து ஆற விடுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் பீறிட்டு முகத்தில் அடிக்கும். எஞ்சின் ஆறாமல் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் சூடான பாகங்கள் விரிசல் விடலாம். பொறுமைதான் மருந்து.

மூன்றாவது, பேட்டரி விளக்கு. பேட்டரி கெட்டுவிட்டது என்று புதுப் பேட்டரி வாங்கிப் போட்டவர்கள் பலர். உண்மையில் ஓடும்போது இது எரிந்தால் சார்ஜ் ஏறவில்லை என்று பொருள். டைனமோவையும் பெல்ட்டையும் முதலில் பார்க்க வேண்டும். பல வண்டிகளில் அதே பெல்ட்தான் தண்ணீர் பம்பையும் சுற்றுகிறது. பெல்ட் அறுந்திருந்தால் சிறிது தூரத்திலேயே எஞ்சினும் கொதித்துவிடும். ஆகவே பானெட்டைத் திறந்து பெல்ட் இருக்கிறதா என்று பார்த்த பிறகே நகர வேண்டும்.

நான்காவது, பிரேக் விளக்கு. ஹேண்ட் பிரேக்கை விடுவித்த பின்னும் எரிந்தால் பிரேக் ஆயில் குறைந்திருக்கிறது. பிரேக் கட்டை தேய்ந்தாலும் குறையும், எங்காவது ஒழுகினாலும் குறையும். வெறும் வண்டியை எப்படியோ நிறுத்திவிடலாம். ஒரு டன் சரக்கு ஏற்றிய வண்டி நில்லென்றால் நிற்காது. மிதிக்கும்போது பெடல் உள்ளே இறங்கினால் அந்த இடத்திலேயே விட்டுவிட்டு வேறு வண்டியில் சரக்கை மாற்றுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'இன்சூரன்ஸ் இருக்கிறதே' என்று சிலர் தைரியமாக ஓட்டுகிறார்கள். வழக்கமான வாகன பாலிசி விபத்து, திருட்டு, தீ முதலியவற்றுக்குத்தான். இயந்திரக் கோளாறும் தேய்மானமும் அதில் சேராது. சிவப்பு விளக்கோடு ஓட்டி எஞ்சின் போனால் நம் கல்லாவிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

மஞ்சள் என்றால் தள்ளிப் போடாதே

பழைய குட்டி யானையில் விளக்குகள் குறைவு. இப்போது பழைய வண்டிச் சந்தைக்கு வருபவை வேறு ரகம். 2017 ஏப்ரலில் நாடு முழுவதும் பி.எஸ்.4, 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்று புகைக் கட்டுப்பாடு இறுகியது. 2019 ஏப்ரல் முதல் புதுக் கார்கள் எல்லாவற்றிலும் ஏ.பி.எஸ். பிரேக்கும், அதே ஆண்டு ஜூலை முதல் டிரைவர் ஏர்பேக்கும் கட்டாயமாயின. ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கு வந்து சேர்ந்தது.

எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால் வண்டி ஓடும், ஆனால் சில நாளுக்குள் ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும். அதே விளக்கு விட்டு விட்டு மின்னினால், பெட்ரோல் வண்டிகளில் எரிபொருள் சரியாக எரியாமல் சைலன்சர் குழாயில் உள்ள விலை உயர்ந்த புகைச் சுத்திகரிப்பான் கெடுகிறது என்று அர்த்தம். வேகத்தைக் குறைத்து, கூடிய சீக்கிரம் நிறுத்துவது நல்லது.

ஏ.பி.எஸ். விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் வேலை செய்யும், ஆனால் மழை ரோட்டில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் வசதி கிடைக்காது. அதோடு சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் நிறுத்திவிடுங்கள். ஏர்பேக் விளக்கு அணையாமல் எரிந்தால் விபத்தில் பை விரியாமல் போகலாம். பழைய வண்டியில் இது எரிந்தால், முன்பு எங்காவது மோதியதா என்று கட்டாயம் விசாரியுங்கள்.

பி.எஸ்.6 டீசல் வண்டிகள் பலவற்றில் கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி உண்டு. டவுனுக்குள்ளேயே கடை கடையாக நின்று நின்று சரக்குப் போட்டால் அதில் கரி அடையும், விளக்கு எரியும். வண்டியின் கையேட்டில் சொன்னபடி, நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் சிறிது நேரம் ஓட்டினால் அந்தக் கரி தானே எரிந்துவிடும். கவனிக்காமல் விட்டால் ஒர்க்‌ஷாப் செலவுதான். டவுனை விட்டே வெளியே போகாத வியாபாரம் என்றால், டீசல் வேண்டுமா, பெட்ரோல் அல்லது கேஸ் வண்டி போதுமா என்று வாங்குமுன்பே யோசியுங்கள்.

விளக்கை அணைத்தால் நோய் தீராது

எஞ்சின் விளக்கு எரியும் வண்டியை விற்க நினைப்பவர், கருவி மூலம் அந்தப் பதிவை அழித்துவிடலாம். பல வண்டிகளில் பேட்டரி ஒயரைச் சிறிது நேரம் கழற்றி வைத்தாலும் போதும், விளக்கு அணைந்துவிடும். கோளாறு அங்கேயே இருப்பதால் சில நாளில் மறுபடி எரியும். அதற்குள் பணம் கை மாறியிருக்கும். ஏர்பேக் விளக்கின் ஒயரை வேறு விளக்கின் ஒயரோடு சேர்த்து, இரண்டும் ஒன்றாக எரிந்து ஒன்றாக அணையும்படி செய்கிறவர்களும் உண்டு. இரண்டு விளக்கு ஒரே நொடியில் அணைகிறதா என்று கவனியுங்கள்.

இதற்கும் வழி இருக்கிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேன் கருவி மாட்டும் இடம் இருக்கும். நீங்கள் நம்பும் மெக்கானிக்கை, கருவியோடு, வண்டி பார்க்கவே அழைத்துப் போங்கள். பதிவை அழித்த பின் வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதைப் பல வண்டிகளில் அந்தக் கருவியே காட்டிவிடும். நேற்றுத்தான் அழித்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், ஏன் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. ஸ்கேன் செலவு வண்டி விலையோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை.

கருவி காட்டும் எண் கோளாறு எந்தப் பகுதியில் என்று சொல்லுமே தவிர, எந்தச் சாமானை மாற்ற வேண்டும் என்று சொல்லாது. எண்ணைப் பார்த்தவுடன் "சென்சாரை மாத்திடலாம்ணே" என்கிற மெக்கானிக்கிடம், ஒயரையும் இணைப்பையும் சோதித்தாயா என்று கேளுங்கள். எண்ணையும் தேதியையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பேரேடு எழுதும் நமக்கு இது பெரிய வேலையா?

விளக்கு எரிகிற வண்டியை வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. காரணம் தெரிந்து, செலவு தெரிந்து, அதை விலையில் கழித்து வாங்கலாம். விற்பவர் சொல்வதை விற்பனை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

டிரைவருக்குச் சொல்லி வையுங்கள்

விளக்கு டிரைவரிடம் பேசுகிறது. டிரைவர் நம்மிடம் பேச வேண்டும். பல கடைகளில் இந்த இடத்தில்தான் அறுந்துவிடுகிறது. "மொதலாளி, செவப்பு லைட்டு எரியுது" என்று போன் வந்தால், "கடைக்கு வா, பாத்துக்கலாம்" என்கிறோம். சரக்குத் தாமதமாகிறதே என்ற பதற்றம் நமக்கு. திட்டு விழுமே என்ற பயம் அவருக்கு. அடுத்த முறை போனே வராது.

ஆகவே வண்டி வாங்கிய அன்றே டிரைவரை உட்கார வைத்து ஒவ்வொரு விளக்கையும் காட்டிச் சொல்லுங்கள். சிவப்பு எரிந்தால் என்னைக் கேட்காமலே நிறுத்து, தாமதத்திற்கு நான் பொறுப்பு, உன்னை ஒரு வார்த்தை சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுங்கள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள். ஒரு கடைக்குச் சரக்கு அரை நாள் தாமதமானால் போன் செய்து சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். பிரேக் பிடிக்காத வண்டியால் ஓர் உயிர் போனால் யாரிடம் போய்ச் சமாதானம் சொல்வது?

கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் செய்து பயனில்லை. பழைய வண்டி வாங்க நினைத்திருக்கும் அன்பர்கள், அட்வான்ஸை எண்ணுமுன் சாவியை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். ஏற்கெனவே வண்டி வைத்திருப்பவர்கள் நாளைக் காலை கடை திறக்குமுன் அதையே செய்து பாருங்கள். எரிய வேண்டியவை எரிந்து, அணைய வேண்டியவை அணைந்தால் நிம்மதியாக லோடு ஏற்றலாம்.